இரண்டு குப்பிகளையும் சேர்த்துப் பார்த்தவர்

சேலத்திலிருந்து அந்த அழைப்பு வந்தபோது ராசிபுரத்தில் என் கிளினிக்கில் ஒரு நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தேன். கைப்பேசியில் டாக்டர் திலகவதியின் பரிசோதனைக்கூடத்து எண் தெரிந்தது. முந்தின நாள் அனுப்பியிருந்த ரத்த மாதிரி ஒன்றின் முடிவுக்காகக் காத்திருந்ததால், பேனாவை எடுத்துக்கொண்டு பேசினேன். பேசியவர் அங்கே நெடுங்காலமாக டெக்னீஷியனாக இருக்கும் மோகனா. "முதல்ல ரிசல்ட்டைச் சொல்லிப்போடறேனுங்க டாக்டர், எழுதிக்குங்க," என்றார். சொன்னார், எழுதிக்கொண்டேன். நோயாளியின் பெயரையும் வயதையும் என்னைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்த்தார். அதற்குப் பிறகுதான், "மேடம் காத்தால தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு," என்றார். குரல் அப்போதுதான் உடைந்தது.

துக்கச் செய்தி முந்தியிருந்தால் நான் முடிவை ஒழுங்காக எழுதியிருக்க மாட்டேன். மோகனாவுக்கு அது தெரிந்திருந்தது. திலகவதியிடம் வேலை பழகியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

இதைப் படிக்கும் மருத்துவ நண்பர்களில் பலர் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். குரலைக் கேட்டிருப்பீர்கள். ஓமலூரிலிருந்து பரமத்தி வரைக்கும் சிறு ஊர்களில் தொழில் செய்யும் எங்களுக்கெல்லாம் அவர் முதலில் ஒரு குரல்தான். "ஏனுங்க டாக்டர், ஒரு சந்தேகமுங்க," என்று அது தொடங்கும். சந்தேகம் அவருக்கு இருக்காது, நமக்குத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது பேச்சின் நடுவில் தெரியவரும். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நுண்ணுயிரியல் படித்து, சில காலம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, சேலத்தில் அழகாபுரம் பக்கம் சிறிய பரிசோதனைக்கூடம் ஒன்றை வைத்திருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ராஜாமணியுடன் கூடத்துக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ஒல்லியான உருவம், வெளிர்நிறப் பருத்திச் சேலை, சற்றே முன்னால் சாய்ந்த நடை. சிரிக்கும்போது சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

அவருடன் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது ஒரு லாரி உரிமையாளரால். அந்த மனிதருக்கு வலது விலாவில் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பியிருந்தன. பார்த்ததுமே அக்கி என்று தெரிந்தது. ஆனால் அவருடைய மகன் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, அக்கிக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்தே ஆகவேண்டும் என்றான். எழுதிக்கொடுத்தேன். அன்று பிற்பகலில் அந்தக் குரல் முதன்முறையாக என்னை அழைத்தது.

"கொப்புளம் கண்ணுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியுது மேடம்."

"ஒரே பக்கமா, பட்டை மாதிரி வந்திருக்குதுங்களா?"

"ஆமாம்."

"அப்புறம் எதுக்குங்க ரத்தம்? ஆமான்னு வந்தா என்ன மாத்திரை குடுப்பீங்க, இல்லைன்னு வந்தா என்ன மாத்திரை குடுப்பீங்க?"

இரண்டுக்கும் ஒரே மாத்திரைதான், அதையும் காலையிலேயே தொடங்கிவிட்டேன் என்றேன். "நல்லதுங்க. அப்ப அவரு கையில ஊசி குத்த வேண்டாமுங்க. நான் அவங்க பையன்கிட்டப் பேசிக்கறேன்," என்று வைத்துவிட்டார். மகனிடம் என்ன பேசினாரோ தெரியாது. அவன் மறுநாள் வந்தபோது ரத்தத்தைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்டான்.

இந்தப் பரிசோதனையைப் பற்றி அவர் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் வேலை. சிறுவயதில் அம்மையாக வந்துவிட்டுப் போகிற கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒதுங்கிக்கொள்கிறது. வயதாகும்போதோ உடம்பு தளரும்போதோ ஏதோ ஒரு நரம்பின் வழியாக வெளியே வருகிறது. அதுதான் அக்கி. ரத்தத்தில் இதற்கு இரண்டு வகை எதிர்ப்பொருள்களைத் தேடுவார்கள். ஐஜிஎம் என்பது புதிய தொற்றுக்கு உடம்பு முதலில் உண்டாக்குவது. ஐஜிஜி என்பது பிறகு உண்டாகி, பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்கிவிடுவது. அம்மை வந்துபோன எல்லோருக்கும் ஐஜிஜி இருக்கும். ஐஜிஎம்மோ சில நேரம் காரணமே இல்லாமல் இருப்பதுபோலக் காட்டும். "கொப்புளத்துத் தண்ணியில கிருமியைத் தேடினா பொய் சொல்லாதுங்க. ரத்தத்துல தேடினா, எதுக்குத் தேடறோம்னு தெரிஞ்சவங்ககிட்ட மட்டும்தான் உண்மை பேசும்," என்பார்.

வேண்டாத பரிசோதனையைத் திருப்பி அனுப்புகிறவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். ஒருமுறை அதே பரிசோதனையைத் தாமாகவே கேட்டு வாங்கிச் செய்தார். அதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதிவைப்பது என் கடமை.

ராசிபுரத்தில் நெசவுக் குடும்பம் ஒன்று. இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தலைவர் பெரியசாமி மனைவியை இழந்தவர். மகன் கார்த்திகேயன், மருமகள் சுகன்யா. மணமாகிச் சில வருடங்கள் கழித்துச் சுகன்யா உண்டாகியிருந்தாள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனைகளுக்காக அவளுடைய ரத்தத்தைத் திலகவதியின் கூடத்துக்கு நான்தான் அனுப்பினேன். எல்லாம் சரியாக இருந்தன. அதற்குச் சில வாரங்கள் கழித்துப் பெரியசாமிக்கு முதுகிலும் மார்பிலும் அக்கி கண்டது. அவர் முதலில் மண்பாண்டம் செய்யும் ஒரு வேளாரிடம் போய், அக்கி அடங்கும் என்ற நம்பிக்கையில் செங்காவியால் உடம்பில் சிங்கம் எழுதிக்கொண்டார். கொப்புளம் உடைந்து எரிச்சல் தாங்கமுடியாமல் போன பிறகே என்னிடம் வந்தார். அதுவரை புண்ணை வேப்பிலைத் தண்ணீரால் துடைத்து, துணி மாற்றியவள் சுகன்யா. வீட்டில் வேறு பெண்கள் இல்லை.

கார்த்திகேயனின் அக்கா வசந்தி, அம்மாபேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவைப் பார்க்க வந்தவள் தம்பி மனைவி புண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள். அக்கிக் கொப்புளத்தைத் தொட்டால் அம்மை வராதவர்களுக்கு அம்மை வரும், கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று அவள் எங்கோ படித்திருந்தாள். படித்தது தவறில்லை. சுகன்யாவைச் சேலத்துக்கு அழைத்துக்கொண்டுபோய் ஏதோ ஓரிடத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஐஜிஎம் உண்டு, ஐஜிஜியும் உண்டு என்று முடிவு வந்தது. யாரோ ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தொற்று ஏறிவிட்டது, கருவைக் கலைத்துவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார். அது யார் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலைப்பதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த நிலையில்தான் என்னிடம் வந்தார்கள். வந்தது ஆலோசனைக்கு அல்ல. பெரியசாமியின் மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்பதற்கு. சுகன்யா மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணுமே பண்ணலீங்க டாக்டர். காய்ச்சல்கூட வரலீங்க," என்றாள். அதைச் சொல்லும்போது கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா சரசு, திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தவர், அடித்துச் சொன்னார்: "எம்பட புள்ளைக்கு அம்மையே போட்டதில்லீங்க. சத்தியமா சொல்றேன்." மகளுக்கு ஆதரவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சத்தியம் எதிராகத்தான் வேலை செய்தது. முன்பு அம்மையே வரவில்லை என்றால், ரத்தத்தில் இருப்பதெல்லாம் இப்போது ஏறியது என்றுதான் ஆகும்.

உள்ளறைக்குப் போய்த் திலகவதியை அழைத்துச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஆரம்பத்துல ரத்தம் பார்த்தது நம்மகிட்டத்தானுங்களே?"

"ஆமாம் மேடம்."

"வையிங்க, கூப்பிடறேன்."

கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பரிசோதனைக்குப் போக மிஞ்சும், சீரம் எனப்படும் தெளிநீரை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பிரசவம் ஆகும்வரை உறைபெட்டியில் வைத்திருப்பது அவர் வழக்கம். இடத்தை அடைக்கிறது என்று மோகனா முணுமுணுப்பது உண்டு. கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"பழசு இருக்குதுங்க. மாமனாருக்கு அக்கி வாரதுக்கு முந்தி எடுத்தது. நாளைக்கு அந்த அம்மிணியக் கூட்டிட்டு வரச்சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் எதுவும் பண்ணக்கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. என்னைய அவங்களுக்குத் தெரியாது, நான் சொன்னா நிக்காது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடத்துக்கு விடுமுறை. நானும் போனேன். மோகனாவை வரவழைத்திருந்தார். சுகன்யாவின் கையைத் தாமே பிடித்து ரத்தம் எடுத்தார். பழைய குப்பி ஏற்கெனவே உருகி, ஒரு தாங்கியில் நின்றது. புதிய ரத்தத்தின் தெளிநீர் பிரிந்ததும் அதை அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

வசந்திக்குப் பொறுமை இல்லை. "எதுக்குங்க மறுபடியும் மறுபடியும் குத்திக்கிட்டு? ரிசல்ட்டுத்தான் இருக்குதே," என்றாள்.

"அது ஒத்தைக் குப்பியோட ரிசல்ட்டுங்க. நேத்து வெச்ச குழம்பையும் இன்னைக்கு வெச்ச குழம்பையும் தனித்தனியா ருசி பார்த்து உப்பு ஏறிச்சா இறங்கிச்சான்னு சொல்ல முடியாதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரே நாக்குல வெக்கோணும்," என்றார் திலகவதி.

"நீங்க சொல்லுவீங்க. பொறந்ததுக்கு அப்புறம் பாக்கப்போறது நாங்கதானுங்களே," என்றாள் வசந்தி. பிறகு யாரும் எதிர்பார்க்காமல் வேகமாகப் பேசினாள். "என் பையனுக்கு பதினாலு வயசாகுதுங்க. இன்னும் நான்தான் ஊட்டிவிடறேன். தூக்கிட்டுப் போயி நான்தான் குளிக்க வெக்கறேன். பெத்துக்கோன்னு சொல்றவங்க யாரும் தூக்க வர்றதில்லீங்க. அவளுக்கும் அப்படி ஆகோணுமுங்களா?"

அதுவரை அவளை நான் பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தேன். திலகவதி கையுறையைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையனுக்கு என்ன பெயர், பிறந்தவுடன் அழுதானா, எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அழவில்லை என்றாள் வசந்தி. பிறகு தணிந்த குரலில், "நான் மாசமா இருக்கறப்ப இந்த மாதிரி எதையாச்சும் தொட்டிருப்பனுங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் அவள் யாரிடமும் கேட்காத கேள்வி அது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க சொல்றதைக் கேட்டா பொறக்கற நேரத்துல மூச்சுத் திணறின மாதிரிதானுங்க தெரியுது. நீங்க தொட்டதோ தின்னதோ காரணம்னு எனக்குத் தோணலீங்க," என்றார் திலகவதி. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவசரப்படுத்தவில்லை.

பரிசோதனை முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. சிறு சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. எதிர்ப்பொருள் இருக்கும் குழி முதலில் நீலமாகும், கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சளாகும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அழுத்தமான மஞ்சள். கருவி எண்களைக் கொடுப்பதற்கு முன்பே அவர் சுகன்யாவை உள்ளே கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார்.

"இது இன்னைக்கு எடுத்த உம்பட ரத்தம். இது உங்க மாமனாருக்கு அக்கி வாரதுக்கு முந்தி எடுத்தது. நிறம் எப்படி இருக்குது, சாமி?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க."

"இது ஐஜிஜி. இப்ப இங்க பாரு, இது ஐஜிஎம். பழசுலயும் லேசா மஞ்சள், புதுசுலயும் அதே லேசான மஞ்சள். நீ மாமனாரு புண்ணைத் தொடறதுக்கு முந்தியே இது இப்படித்தான் இருந்திருக்குது. புதுசா எதுவும் ஏறலை. உனக்கு எப்பவோ அம்மை வந்து போயிருக்குது. உனக்கும் அது வராது, உள்ள இருக்கற புள்ளைக்கும் அதனால ஒண்ணும் ஆகாது."

கருவி காட்டிய எண்களும் அதையே சொல்லின. நான் கார்த்திகேயனிடம் விளக்கினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆனால் சரசு ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல செய்தியைக்கூட அவர் மறுத்தார்.

"இல்லீங்க. மாத்திப் பார்த்துட்டீங்க. பெத்தவளுக்குத் தெரியாமப் போயிருங்களா? எம்பட புள்ளைக்கு வரவே இல்லீங்க."

எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. குப்பி மாறியிருக்குமோ? திலகவதி லேபிளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரசுவைத்தான் பார்த்தார்.

"புள்ளை சின்னதுல இருந்து உங்ககூடவேதான் இருந்துச்சுங்களாம்மா?"

சரசு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கணவர் ரிக் வண்டியில் வேலை செய்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் வடக்கே பல மாநிலங்கள் சுற்றிவிட்டுத்தான் திரும்பும். கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்த மகளை மேச்சேரியில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வண்டி ஆட்களுக்குச் சமைத்துப்போட இவரும் கூடப் போயிருக்கிறார். "ஒரு மழைக்காலம் தாண்டித்தான் வந்தேனுங்க," என்றார்.

சுகன்யாதான் மேச்சேரிக்கு அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். சித்தி பின்னால் ஆடுகள் கத்த, உரத்த குரலில் பேசினார்.

"அம்மைங்களா? ஆமா, வந்துச்சே. தெருவுல எல்லாப் புள்ளைகளுக்கும் வந்துச்சு, உனக்குத்தான் முதல்ல. வேப்பிலைல படுக்க வெச்சிருந்தேன். தண்ணி ஊத்தறவரைக்கும் நான் ஆட்டுப்பட்டிப் பக்கமே போகலை. ஏன் கண்ணு, இப்ப எதுக்குக் கேக்கற?"

சரசு கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அங்க உக்காந்து அழுவ. வண்டி எங்க நிக்குதுன்னே தெரியாது, எப்படி வருவே? நீ வந்தப்ப தழும்பெல்லாம் ஆறிப்போயிருந்துச்சுக்கா. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

சரசு அழுதார். பேரக்குழந்தை தப்பியதற்கான அழுகை அல்ல அது. மகள் அம்மையில் கிடந்தபோது தான் இல்லாமல் போனதை இத்தனை காலம் கழித்து ஒரு பரிசோதனைக்கூடத்தில் தெரிந்துகொண்டதற்கான அழுகை. திலகவதி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "நீங்க இல்லாதப்ப வந்த அம்மைதான் இப்ப உங்க பேரப்புள்ளைக்குக் காவல் இருக்குதுங்கம்மா. உங்க தங்கச்சி நல்லா பார்த்திருக்காங்க," என்றார். பிறகு அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். வசந்திதான் தம்பியைத் தனியே கூப்பிட்டு, குறித்த நாளை ரத்து செய்யச் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. நிறை மாதத்தில், நல்ல எடையில், ஊரே கேட்கும்படி அழுதுகொண்டு. குழந்தைக்குத் திலகவதியின் பெயரை வைப்பார்கள் என்று மோகனா எதிர்பார்த்தார். வைக்கவில்லை. குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள். இதைச் சொன்னபோது திலகவதியின் தோள் குலுங்கியது. "நல்ல வேளைங்க. என் பேரை வெச்சா பள்ளிக்கூடத்துல கிழவி பேருன்னு கேலி பண்ணுவாங்க," என்றார்.

போன வருடம் அவருக்கே அக்கி வந்தது. இடது நெற்றியில் தொடங்கிக் கண்ணிமைவரை. கொப்புளம் கிளம்புவதற்கு முன்பு, சீப்பு பட்டால் மண்டை எரிகிறது என்று உணர்ந்த அன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டார். கண் மருத்துவரிடமும் உடனே போனார். பார்வைக்குப் பெரிய சேதமில்லை. அக்கா ராஜாமணி ஒரு கிண்ணத்தில் செங்காவியைக் குழைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். படித்த தங்கை விரட்டிவிடுவாள் என்று மோகனா நினைத்தார். "கண்ணுகிட்ட வேண்டாம் அக்கா, கழுத்துல போடு. உனக்கும் மனசு ஆறட்டும்," என்று கழுத்தைக் காட்டினாராம். அந்த வாரம் முழுக்கச் செங்காவிக் கழுத்தோடு நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

கொப்புளம் ஆறியது, வலி ஆறவில்லை. அக்கி போன பிறகும் நரம்பில் தங்கிவிடும் அந்த வலியை அனுபவித்தவர்கள் அறிவார்கள். நெற்றியில் காற்று பட்டாலே நெருப்பு பட்டதுபோல் இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் அவர் தமது அறையில் மின்விசிறியைப் போடாமல் வேலை செய்தார். மற்றவர்கள் புழுங்கக்கூடாது என்று ஆளுக்கொரு மேசை விசிறி வாங்கி, காற்று தம் பக்கம் திரும்பாதபடி மூலைகளில் வைத்திருந்தார். அந்த நாட்களில் ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். மாடியில், ஜன்னலை மூடி வைத்து, முகத்தைச் சற்றே சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு அந்த வலியைப் பற்றி வந்தது.

"இது எப்பங்க டாக்டர் போகும்?" என்று கேட்டார்.

நோயாளிகளிடம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று.

"அது கதவைத் திறந்து அனுப்பறப்ப சொல்றதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

யோசித்தேன். இந்த வயதில், கண்ணை ஒட்டி வந்த அக்கியில், சிலருக்குச் சில மாதங்களில் போய்விடுகிறது. சிலருக்குப் போவதே இல்லை. அவர் எந்தப் பக்கம் என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

"தெரியலைங்க மேடம்," என்றேன்.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "வந்தவங்க எல்லாரும் போயிரும் போயிரும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. தெரியலைன்னு சொன்னது நீங்கதான். இப்பத்தான் யாரோ ஒருத்தரு பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்குது," என்றார். ராஜாமணி அம்மாள் காபி கொண்டுவந்தார். பிறகு நாங்கள் மேட்டூர் அணையில் தண்ணீர் வரத்து, கோழிப்பண்ணைகளில் பரவும் காய்ச்சல், மோகனாவின் மகளுக்குப் பார்த்த வரன் என்று வேறு எதையெதையோ பேசினோம். நெடுநேரம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதுவே கடைசியாக நேரில் பார்த்தது.

அவர் உடலைப் பார்க்க நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் அதிகம் இல்லை. குரலாக மட்டுமே அறிந்திருந்த சில மருத்துவர்கள் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வசந்தி வந்திருந்தாள். சக்கர நாற்காலியில் அவளுடைய மகன் இருந்தான். படிக்கட்டில் அவனைத் தூக்க இரண்டு மருத்துவர்கள் கைகொடுத்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள், "அன்னைக்கு என்னைய நாலு வார்த்தை திட்டியிருக்கலாமுங்க டாக்டர். நான் பேசின பேச்சுக்குத் திட்டத்தான் செய்வாங்கன்னு நினைச்சேன். என் பையன் பேரைக் கேட்டாங்க," என்றாள்.

அவருடைய உறைபெட்டியை மோகனா இப்போதும் பராமரித்துவருகிறார். கூடத்தை வேறொருவர் எடுத்து நடத்தப்போவதாகக் கேள்வி. அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அன்று மாடியில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய அந்த ஒரே சொல்லைத்தான்.

காரியம் முடிந்த வாரத்தில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். இடுப்பில் வந்த அக்கி ஆறிப்போய், வலி மட்டும் நின்றிருந்தது. சட்டை உரசினாலே தாங்க முடியவில்லை என்று, துணியை ஒரு கையால் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது எப்பங்க போகும்?" என்று கேட்டார்.

கொஞ்ச நாளில் என்று நாக்கின் நுனிவரை வந்தது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தெரியலைங்க," என்றேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"சரிங்க," என்றார். "அப்ப இன்னைக்கு ஒரு நாளைக்குத் தூங்கறதுக்கு என்ன பண்ணலாமுன்னு சொல்லுங்க."

நாங்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.